நாயை அனுப்பு, இல்லையென்றால் வீட்டைக் காலி செய் என்கிறார்கள்

“மிளகு அம்மா, பள்ளிக்கரணை” என்று முடிகிற ஒரு கடிதம் வந்திருக்கிறது. கையால் எழுதி, போனில் படம் பிடித்து, ஏழு படங்களாக அனுப்பியிருக்கிறார். நாலாவது படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு வாலும் விழுந்திருக்கிறது. அடையாளம் தெரிகிற விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 35 வயது, கணவருக்கு 39. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழை விட்ட வாரம், பார்க்கிங்கில் காருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அதுதான் மிளகு. 2025 பிப்ரவரியில், ஓஎம்ஆரில் ஐடி கம்பெனி ஒன்றில் டீம் லீடாக இருந்த கணவரை ஓர் அறைக்குக் கூப்பிட்டு, “நீங்களே எழுதிக் கொடுத்தால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும், இல்லையென்றால் டெர்மினேஷன்” என்றார்கள். அரை மணி நேரத்தில் ராஜினாமா, கையில் இரண்டு மாதச் சம்பளம். 2020 மே மாதம் சேர்ந்தவர் என்பதால் ஐந்து வருஷம் ஆகவில்லை, கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் ஏழு மாதம் வீட்டில். காலை ஐந்தரைக்கு எழுந்து சதுப்பு நிலத்து ஓரமாக நடக்கப் போனவர், பறவைகளைப் பார்க்கத் தொடங்கி, பார்த்தது போதாமல் படம் எடுக்கத் தொடங்கி, கேமராவுக்கும் ஒரு நீள லென்சுக்குமாக மனைவியின் எட்டுப் பவுன் அடகுக்குப் போனது. மே மாதம் மிளகைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு கொடைக்கானல் போனார்கள் (“போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அந்த மூன்று நாள்தான் அவர் சிரித்தார்”). நடுவில் இவரும் பள்ளி வேலையை விட்டு ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்துவிட்டார். செப்டம்பரில் கணவருக்குப் புது வேலை, பழையதைவிடக் குறைந்த சம்பளம், அதனால் சனி ஞாயிறுகளில் வளைகாப்பு, பிறந்தநாள் என்று படம் எடுக்கப் போகிறார். டிசம்பர் கடைசியில் குடியிருப்போர் சங்கம் கதவில் நோட்டீஸ் ஒட்டியது: 30 நாளில் நாயை அப்புறப்படுத்த வேண்டும், அதுவரை லிஃப்டில் ஏற்றக் கூடாது, “மாநகராட்சியே நாய்களுக்குத் தடை போட்டிருக்கிறது”. துபாயில் இருக்கும் வீட்டு ஓனரும் போனில் அதையே சொல்லி, அட்வான்சில் பிடிப்பேன் என்கிறார்.

கேள்விகள்: நாய் வளர்ப்பதை யாராலும் தடுக்க முடியாது என்று சட்டம் இருக்கிறதாமே, அதைக் காட்டி எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பலாமா? ஐடி வேலைக்குத் தொழிலாளர் சட்டம் கிடையாதா, கணவர் “விடு” என்கிறார், அவர் சார்பில் நான் கேஸ் போடலாமா? படம் எடுக்கும் காசை என் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமா? நகையை எப்படிக் கேட்பது? பங்குனியில் மதுரைக்கு ரயிலில் மிளகைக் கூட்டிப் போக முடியுமா? கடைசி வரி: “இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் செய்ததெல்லாம் தப்பா மேடம்?”

மிளகு அம்மா, அந்தக் கடைசி வரிக்கு வக்கீலிடம் பதில் கிடையாது. ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் “கையெழுத்துப் போட்டோம், சரியாகப் படிக்கவில்லை” என்று வருகிறது. கணவரின் ராஜினாமா, வாடகை ஒப்பந்தம், புது வேலையின் ஆஃபர் லெட்டர். உங்களைத் தூங்கவிடாத விஷயங்களில் பாதிக்கு மேல் அந்த மூன்று தாள்களுக்குள்தான் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் எடுத்து வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து, வரிவரியாகப் படியுங்கள். நோட்டீஸ் அனுப்புவதெல்லாம் அதற்கு அப்புறம்.

சங்கம் வேறு, ஓனர் வேறு

நீங்கள் போனில் படித்தது பொய்யில்லை, பாதி உண்மை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரி 26 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது (அப்போது வாரியத்தின் தலைமை அலுவலகம் நம் திருவான்மியூரில்தான் இருந்தது). பெரும்பான்மை ஓட்டுப் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது, லிஃப்டை மறுக்கக் கூடாது, குரைக்கிறது என்பதையே காரணமாகக் காட்டி வெளியேற்றச் சொல்லக் கூடாது என்கிறது அது. ஆகவே சங்கத்தின் 30 நாள் கெடுவுக்குப் பெரிய பலம் இல்லை. “எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்” என்று செயலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, வளர்த்த பிராணியை அப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். அவர் பேச்சைக் கேட்டு நீங்கள் செய்தால் மாட்டப்போவது நீங்கள்தான்.

மாநகராட்சித் தடை என்று நோட்டீசில் போட்டிருப்பது குழப்பம். 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது பிட்புல், ராட்வைலர் இரண்டு இனங்களுக்கு இனிப் புதிய உரிமம் கிடையாது என்று. மிளகு காருக்கு அடியில் கிடைத்த நாட்டு நாய், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் உரிமம்! கடிதம் முழுக்கத் தேடினேன், மிளகுக்கு மாநகராட்சி உரிமம் எடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. பள்ளிக்கரணை மாநகராட்சிக்குள் இருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, மைக்ரோசிப், 50 ரூபாய் கட்டணம், ஆன்லைனில் விண்ணப்பம், அவ்வளவுதான். கெடுவைத் தள்ளித் தள்ளி 2025 டிசம்பர் நடுவரை நேரம் கொடுத்துவிட்டு, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்துவிட்டார்கள். சங்கத்துக்கு நீங்கள் பதில் எழுதுவதற்கு முந்தின நாளாவது இது கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கடிதத்துக்கு அவர்கள் அனுப்பும் பதில் ஒரே வரியில் இருக்கும்: உரிமம் எங்கே? தடுப்பூசி பாக்கி இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கூட்டம் இருக்கும், ஆனால் வேலை நடக்கும். கயிறில்லாமல் இறக்காதீர்கள், வழியில் போனால் நீங்களே அள்ளிவிடுங்கள். சங்கத்தோடு நடக்கிற பாதிச் சண்டைகள் சட்டத்தால் தீர்ந்ததை நான் பார்த்ததில்லை, ஒரு கவரும் ஒரு சின்ன முறமும் தீர்த்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கவனிக்காத மறுபாதி. அந்தச் சுற்றறிக்கை சங்கத்துக்குச் சொல்வது. நீங்களோ வாடகைக்கு இருப்பவர்கள், உங்கள் ஒப்பந்தத்தின் 14-ஆவது ஷரத்தில் “வளர்ப்புப் பிராணிகள் வைத்துக்கொள்ளக் கூடாது” என்று இருக்கிறது, கீழே உங்கள் இருவர் கையெழுத்தும் இருக்கிறது. வாரியத்தின் சுற்றறிக்கையை ஓனர் முகத்துக்கு முன் நீட்டினால், அவர் அந்த ஷரத்தை உங்கள் முகத்துக்கு முன் நீட்டுவார். சொந்த வீட்டுக்காரருக்கு இருக்கும் பலம் இந்த விஷயத்தில் உங்களுக்கு இல்லை. கசப்பாக இருந்தாலும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அதற்காக அவர் சொன்ன அன்றைக்கே சாமானைத் தூக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின்படி (2017-இல் இயற்றியது) வாடகை நீதிமன்றம் போய்த்தான் ஒருவரைக் காலி செய்ய வைக்க முடியும். தண்ணீரை நிறுத்துவது, கரண்ட்டைப் பிடுங்குவது எல்லாம் அதே சட்டத்தில் தடை. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். இன்னொன்று, 11 மாத ஒப்பந்தம்தானே, பதிவெல்லாம் வேண்டாம் என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாப் புரோக்கரும் அதைத்தான் சொல்கிறார்கள். இந்தச் சட்டத்தில் மாதக் கணக்கு பார்த்து விலக்கு இல்லை. எழுத்தில் ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதில் ஓனருக்கும் பங்கு உண்டு. வழக்கு என்று வந்தால் அவருக்கும் சங்கடம்தான், துபாயிலிருந்து வந்து நிற்பது அதைவிடச் சங்கடம்.

ஜனவரியில் குட்டியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது ஓனர் கட்டைவிரலும் “சோ க்யூட்”டும் போட்டாரே, அது சம்மதம் ஆகாதா என்று கேட்கிறீர்கள். 14-ஆவது ஷரத்தை மாற்றியதாக ஆகாது. ஆனால் அவருக்குத் தெரிந்தே ஒரு வருஷம் ஓடியிருக்கிறது, வாடகையும் வாங்கியிருக்கிறார் என்பதற்கு நல்ல ஆதாரம். அழிந்து போகாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓனரோடு மோதமாட்டேன். ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது என்கிறீர்கள். அதற்குள் உரிமத்தின் நகலோடு ஓனருக்கு மரியாதையாக ஒரு மெயில்: நாயால் வீட்டுக்குச் சேதம் வந்தால் நாங்கள் பொறுப்பு, காலி செய்யும்போது பெயின்ட் அடித்துத் தருகிறோம், 14-ஆவது ஷரத்தை மட்டும் மாற்றிப் புது ஒப்பந்தம் போடுவோம், பதிவும் செய்வோம். ஒத்துக்கொண்டால் சரி. மாட்டேன் என்றால் வீடு தேட ஆரம்பியுங்கள், இந்த முறை “நாய் இருக்கிறது” என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லி. தவணை முடிந்த பிறகும் பிடிவாதமாக உட்கார்ந்தால் கூடுதல் இழப்பீடு கேட்க ஓனருக்கு வழி இருக்கிறது, அந்த வம்பு வேண்டாம். நீங்கள் கொடுத்திருப்பது ஐந்து மாத வாடகை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதம்தான் அளவு என்கிறது சட்டம். உங்கள் ஒப்பந்தத்தில் ஐந்து என்றே எழுதியிருப்பதால் அதைக் கிளறிப் பயனில்லை. ஆனால் காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தந்தாக வேண்டும், “நாய் வளர்த்தாய்” என்று மொத்தத்தையும் அமுக்கிக்கொள்ள முடியாது. காலி செய்யும் அன்று ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், கதவின் கீழ்ப்பகுதியையும் சேர்த்து. நகக் கீறல் அங்கேதான் இருக்கும்.

அரை மணி நேர ராஜினாமா

முதலில் ஒன்று. கேஸ் உங்களுடையதில்லை, அவருடையது. மனைவி என்பதற்காக அவருக்குப் பதிலாக நீங்கள் தொழிலாளர் துறைக்குப் போக முடியாது. அவர் “விடு” என்று சொல்வதைக் கோழைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில் இருந்தவர் அவர். கொஞ்சம் பொறுங்கள்.

ஐடிக்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது என்பது தவறு. தமிழ்நாட்டில் ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று அரசே 2016-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ‘தொழிலாளர்’ யார் என்பது விசிட்டிங் கார்டில் உள்ள பதவியை வைத்து முடிவாவதில்லை, உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதை வைத்து. 2015-இல் ஆட்குறைப்பில் நீக்கப்பட்ட ஓர் ஐடி ஊழியரைத் திரும்ப எடுக்கச் சொல்லிச் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. நடுவில் ஏழு வருஷம், கவனியுங்கள். உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது: அவரை நீக்கவில்லை, அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். அன்றைக்கே எதிர்ப்புத் தெரிவித்து ஒரு மெயில் போட்டிருந்தால் கதை வேறு. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, ஆனால் அவர் வெளியே வந்தது அதற்கு ஒன்பது மாதம் முன்னால், ஆகவே பழைய சட்டங்களை வைத்தே பேசுகிறேன். திரும்ப வேலைக்கு எடு என்று கேட்கும் வழக்கை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவருக்கே அந்த வேலை வேண்டாம் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

ஆனால் கிராஜுவிட்டியை விடாதீர்கள். இங்கேதான் கம்பெனி சொன்னதை நீங்கள் அப்படியே நம்பிவிட்டீர்கள். ஐந்து வருஷம் முடிய வேண்டும் என்பது விதி, சரி. ஆனால் நான்கு வருஷம் முடித்து, ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் பணி இருந்தால் அதுவும் முழு வருஷம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1990-களிலேயே சொல்லிவிட்டது. 2020 மே முதல் 2025 பிப்ரவரி என்றால் ஐந்தாவது வருஷத்தில் ஒன்பது மாதம் ஓடியிருக்கிறது. இதற்கு அவர் தொழிலாளரா மேனேஜரா என்ற கேள்வியே எழாது, ராஜினாமா செய்தாலும் உண்டு. கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்குங்கள். அடிப்படை 45,000 என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் சுமார் 1,29,800 ரூபாய் வருகிறது. கம்பெனிக்கு உரிய படிவத்தில் விண்ணப்பம், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. தாமதமாகக் கேட்டதால் மட்டும் உரிமை போய்விடாது, ஆனால் தாமதத்துக்குக் காரணம் ஒரு வரி எழுதுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கென்றே இருக்கும் அதிகாரியிடம் மனு. இதற்கு அவர் அந்த ஆபீஸ் வாசலை மிதிக்கக்கூட வேண்டாம். அதைச் சொல்லிப் பாருங்கள், “விடு” என்பவர் மனசு மாறலாம்.

பழைய பிஎஃப் பணத்தை எடுத்து நகையை மீட்கலாமா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தது சரி. மொத்தப் பணிக்காலம் ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருக்கும்போது 50,000-க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். புதிய கம்பெனிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் பழைய வருஷங்களும் சேர்ந்து எண்ணப்படும்.

நீங்கள் கேட்காத ஒன்று: மாமியாருக்குச் சர்க்கரை என்கிறீர்கள், கணவரின் ஆபீஸ் மெடிக்ளெய்மில் இருந்தார் என்கிறீர்கள். அது வேலையோடு போய்விட்டது. புது ஆபீஸ் பாலிசியில் பெற்றோர் உண்டா என்று நாளைக்கே கேளுங்கள். இல்லையென்றால் தனி பாலிசி எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம், அந்தக் கடிகாரம் எடுத்த நாளிலிருந்துதான் ஓடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

லென்சும் எட்டுப் பவுனும்

வளைகாப்புப் படக் காசை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். உழைப்பு அவருடையது, பணம் உங்கள் பெயரில் என்றால் வருமான வரியிலும் சிக்கல், ஆபீசுக்குத் தெரிந்தால் “மறைத்தார்” என்ற பெயரும் சேரும். ஆஃபர் லெட்டரை மூன்றாவது தாளாக நான் சொன்னது இதற்காகத்தான்: “நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வேறு எந்தத் தொழிலிலும்” என்று அதில் வரும் வரியைப் படியுங்கள். அனுமதியின்றி என்றால் அனுமதி கேட்கலாம் என்றுதான் அர்த்தம். வார இறுதியில் மட்டும், ஆபீஸ் வேலைக்குத் தொடர்பில்லாதது, என்று எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுப் பதில் வரும்வரை காசு வாங்கும் வேலையை நிறுத்தி வைக்கட்டும். நீலத் தாழைக்கோழியைப் படம் எடுப்பதற்கு யாரும் அனுமதி கேட்கப் போவதில்லை.

நகை உங்களுடையது. திருமணத்தில் பெண்ணுக்கு வந்தது அவளுடைய முழு உரிமை, நெருக்கடியில் கணவர் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில்கூடச் சொல்லியிருக்கிறது. ஆனால் இதை அவரிடம் இந்தப் பாஷையில் ஆரம்பிக்காதீர்கள். அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, மீட்க வேண்டிய தேதி எது, வட்டி கட்டியிருக்கிறதா, இந்த மூன்றைப் பாருங்கள். தேதி தாண்டினால் ஏலத்துக்குப் போகும், அப்போது உரிமை பேசி என்ன பயன். கிராஜுவிட்டி வந்தால் முதலில் இதற்கு என்று இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை விற்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டப்படி எனக்குக் கருத்தில்லை. ஏழு மாதம் காலையில் எழுந்திருக்க அவருக்கு ஒரு காரணம் கொடுத்த சாமான் அது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

மதுரைக்கு மிளகு

மூன்றாம் ஏசியில் கால்மாட்டில் படுக்க வைத்துக் கூட்டிப் போகலாம் என்று யாரோ சொன்னது நடக்காது. வளர்ந்த நாயை இரண்டாம் ஏசி, மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் அனுமதிப்பதில்லை. முதல் வகுப்பு ஏசியில், இரண்டு பேர் கூபேயோ நான்கு பேர் கேபினோ முழுவதும் உங்களுக்கே கிடைத்தால் மட்டும் கூடவே வரலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. மதுரை போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பு ஏசி இருக்கிறது. ஆனால் இரண்டு டிக்கெட் எடுத்ததாலேயே கூபே என்று ஆகிவிடாது, சார்ட் போடும்போதுதான் தெரியும். முன்கூட்டியே ரயில்வே வணிகப் பிரிவுக்குக் கூபே கேட்டு மனுக் கொடுங்கள். அன்றைக்குத் தடுப்பூசிச் சான்று, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று இரண்டோடும் சீக்கிரமாகவே எழும்பூர் பார்சல் ஆபீசுக்குப் போய் மிளகுக்குக் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும்.

கூபே கிடைக்காமல் கூண்டுதான் என்றால், பங்குனி வெயிலில் அதில் ஒரு நாட்டு நாயை ராத்திரி முழுக்க அனுப்ப எனக்கு மனசு வராது. மே மாதம் வைத்துக்கொண்ட அந்தத் தோழியிடம் இப்போதே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.